ஈரம் குடித்த லொறி

வாசகரே, மேடையேறியதும் சபையை வணங்குவது என் வழக்கம். இன்று என் முன்னே இருப்பவர் நீங்கள் ஒருவரே. ஆகையால் உங்களைச் சாட்சியாக அழைக்கிறேன். கந்தப்பளைக்கு மேலே, எங்கள் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையின் முற்றத்தில் என்னோடு வந்து நில்லுங்கள். மூட்டமும் தூறலும் விலகாத காலை. தேயிலைப் பெட்டிகள் ஏற்றிய பழைய லொறி ஒன்று நிற்கிறது. அதன் முன்னிருக்கையில், மடிப்புக் கலையாத வெள்ளைச் சேலையில் என் அக்கா அமர்ந்திருக்கிறாள். இன்று முற்பகல் நுவரெலியாவில் அவளுக்கு ஆசிரியை வேலைக்கான நேர்முகத் தேர்வு. எங்கள் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளான லயங்களிலிருந்து அத்தகைய அழைப்பைப் பெற்ற முதல் பெண் அவள். பஸ் போய்விட்டது. இந்த லொறியை விட்டால் வேறு வழியில்லை.

லொறியோ கிளம்ப மறுத்தது.

டிரைவர் அண்ணன் முன்பக்கத் துளையில் ஹேண்டிலைச் செருகிச் சுழற்றினார். இயந்திரம் இருமிவிட்டு அடங்கியது. தொட்டிக்குள் குச்சியை விட்டுப் பார்த்தார்; நனைந்து வந்தது. பெட்ரோல் இருக்கிறது. பிளக்கின் வயரைக் கழற்றி இரும்பின் அருகே பிடித்துக்கொண்டு, என்னை ஹேண்டிலைச் சுழற்றச் சொன்னார். ஒரு பொறிகூடப் பறக்கவில்லை.

"கரண்டு வரல தம்பி. ராவெல்லாம் பனியில நின்னுச்சுல்ல, ஈரம் குடிச்சிருச்சு."

பிளக்குகளுக்குக் கரண்டைப் பங்கிடும் கறுப்பு மூடியைக் கழற்றினார். அதன் உட்புறத்தில் முத்து முத்தாக நீர். துணியால் துடைத்து மாட்டினார், பயனில்லை.

"நெருப்புல காட்டணும். இந்தத் தூத்தல்ல எங்க போயி நெருப்பு மூட்டுறது?"

நெருப்பு பக்கத்திலேயே இருந்தது. தொழிற்சாலைக்குள் தேயிலை காயும் அறை எப்போதும் அனலாய்க் கிடக்கும். மூடியை மறுபடி கழற்றி எடுத்துக்கொண்டு ஓடினேன். வாசலில், தேயிலைத் தயாரிப்புக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா மறித்தார்.

"எங்க வர்றீங்க? என்னா அது கையில? பெட்ரோல் நாறுது!"

காயும் தேயிலை, அருகிலுள்ள எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும். அதனால் அந்த அறைக்குள் எண்ணெய்த் துணியைக்கூட விடமாட்டார்கள். அதை நானும் அறிவேன். ஆயினும் அவ்வாண்டு எந்தச் சொற்போரிலும் தோற்காதவன் நான். குரலை உயர்த்தினேன். கல்வி எட்டாத ஒரு சமூகத்தின் துயரைச் சொன்னேன். ஒரு பெண் ஆசிரியையானால் எத்தனை காம்பராக்களில், அந்த ஒற்றையறை வீடுகளில், எழுத்தோசை கேட்கும் என்று வினவினேன். கொழுந்து நிறுக்க வந்த பெண்கள் கூடையை இறக்காமலே நின்று கேட்டார்கள். ஒருத்தி கண்ணைத் துடைத்தாள். இன்றும் துணிந்து சொல்கிறேன், அது நல்ல பேச்சு.

டீமேக்கர் ஐயா முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"பேச்சு பிரமாதம் தம்பி. ஆனா தேயிலைக்குக் காது கெடையாது, மூக்குதான் இருக்கு."

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். அதற்குள் அக்கா இறங்கி வந்துவிட்டாள்.

"ஐயா, உள்ள வேணாங்க. பின்னாடி வெறகு போடுற அடுப்பு வாய் வெளியிலதானே இருக்கு? அங்க காட்டிக்கிறோம். அந்தப் பொகை தேயிலைக்கிட்ட வராதுல்லங்க?"

"வராது, கொழாய் வழியா மேல போயிரும்." அவர் என்னைப் பார்த்தார். "இத மொதல்லயே கேட்டிருக்கலாமே! போங்க, போங்க, நேரமாகுது."

அடுப்பு வாயருகே மூடியைப் பிடித்தேன். "ரொம்பக் கிட்டக் கொண்டு போகாதீங்க, வெடிச்சிரும்!" என்று டிரைவர் அண்ணன் கத்தினார். அக்காவின் சேலை ஓரத்தில் கரி பட்டது. கூடைக்காரப் பெண்ணொருத்தி அந்த ஓரத்தை உள்மடிப்பாகச் செருகிவிட்டு, "இப்ப யாருக்கும் தெரியாது டீச்சர்" என்றாள். அக்காவை அப்படி அழைத்த முதல் ஆள் அவள்தான்.

மூடியை மாட்டி ஹேண்டிலைச் சுழற்றியதும், லொறி உடலெல்லாம் குலுங்கி உயிர்பெற்றது. நுவரெலியாவில் அக்கா படியேறவும் உள்ளேயிருந்து அவள் பெயரை அழைக்கவும் சரியாக இருந்தது.

நண்பகலில் வெளியே வந்தாள்.

"எடுத்துக்கிட்டாங்கடா! ஒரு தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல பொம்பளப் புள்ளைக வகுப்புக்கு. ஆனா அங்க பொம்பளப் புள்ளைகள யாரும் அனுப்புறதில்லையாம். நான் யாருக்குடா சொல்லிக் குடுக்கிறது?"

அலுவலகத்துக்கு எதிரே சந்தை வாசலில், மரக்கறி மூட்டைகளுக்கு நடுவே நின்றிருந்தோம். சுமை தூக்குவோர் திரும்பிப் பார்க்கும்படி உரக்கவே சொன்னேன்:

"லயம் லயமா வர்றேன்க்கா. ஒவ்வொரு கதவாத் தட்டுறேன். பேசிட்டு மட்டும் திரும்ப மாட்டேன். புள்ளைங்களக் கையோட கூட்டிட்டு வந்து ஒன் வகுப்புல ஒக்கார வைப்பேன்."