அனிபலின் வலது கன்னம்

அனிபல் இடது கையால் வீசும் பந்து பாதி வழியில் நின்று, மட்டைக்காரனை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத்தான் மேலே போகும். இது கொஞ்சம் கூட்டிச் சொன்னதுதான், நிற்காது, தயங்கும். அந்தத் தயக்கம் தெரியாமல் அவசரமாக மட்டையைச் சுழற்றி, காற்றை அடித்துத் தோள் பிசகியவர்கள் சாந்தோ தொமிங்கோவுக்குக் கிழக்கே ஊருக்கு ஒருவராவது இருப்பார்கள்.

பதினெட்டு வயதில் அவனைப் பேஸ்பால் ஆட அமெரிக்காவுக்குக் கூட்டிப்போனார்கள். பந்தில் வேகம் போதாது என்று சீக்கிரமே திருப்பி அனுப்பினார்கள். வந்தவன் எங்கள் கரும்பாலை அணியின் பேஸ்பால் சட்டையை மாட்டிக்கொண்டான். குளிர்காலம் தோறும் ஜெயித்தான். வேகம் கேட்டவர்கள் அவனுடைய முதல் பேஸ் வித்தையைப் பார்க்கவில்லை, பாவம்.

வலது கைக்காரன் பந்து வீச நின்றால் முதல் பேஸுக்கு முதுகைக் காட்டுவான். இடது கைக்காரனோ, பந்தை அடித்துவிட்டு அங்கே வந்து நின்று அடுத்த பேஸுக்கு ஓடச் சமயம் பார்க்கும் ஓட்டக்காரனை முகத்துக்கு முகம் பார்ப்பான். பந்து மட்டைக்காரனுக்கா, முதல் பேஸுக்கா என்று கடைசி நொடிவரை தெரியாது. தெரியாமல் கிளம்பியவன் நடுவழியில் அவுட். அனிபலின் முகத்திலிருந்து யாரும் எதையும் படித்ததில்லை, மச்சான் நிக்காசியோவைத் தவிர.

நிக்காசியோ துறைமுக அணிக்காரன். அனிபல் மனைவி மிலாக்ரோஸின் தம்பி. ஞாயிறு தோறும் அக்கா வீட்டில் வாழைக்காய் மசியலும் பொரித்த பாலாடைக்கட்டியும் ஒரு பிடி பிடித்துவிட்டு, அனிபலுக்கு எதிரே டோமினோ ஆட உட்கார்ந்து அந்த முகத்தை அங்குலம் அங்குலமாகப் படித்து வைத்திருந்தான். மட்டைக்காரனுக்கு வீசப்போகும்போது அனிபலின் வலது கன்னம் உப்பும். முதல் பேஸுக்கு என்றால் உப்பாது. இதை நிக்காசியோ தன் அணியிடம்கூடச் சொல்லாமல் இறுதி ஆட்டத்துக்காகப் பொத்தி வைத்தான்.

அந்த ஆண்டு அனிபலுக்கு முப்பத்தெட்டு வயது. "இதுல தோத்தா சட்டையைக் கழட்டிடு, அனிபல்" என்று அணி முதலாளி தோன் எலிகியோ சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு பிழைப்புக்கு இருந்தது மச்சானின் கோழிப்பண்ணை ஒன்றுதான்.

இறுதி ஆட்டம், கடைசி இன்னிங்ஸ். கரும்பாலை ஒரு ரன் முன்னால். துறைமுகத்தாருக்கு இரண்டு பேர் அவுட், இன்னும் ஒருவர் போனால் ஆட்டம் முடிந்தது. அன்று முழுக்கப் பந்தைத் தொடாத நிக்காசியோ எப்படியோ ஒன்றைத் தட்டிவிட்டு முதல் பேஸில் வந்து நின்றான். அடுத்து வந்தவன் எருமை மாதிரி ஆள். நிக்காசியோ மட்டும் பந்து அடிபடுவதற்கு முன்பே இரண்டாவது பேஸுக்குத் திருட்டு ஓட்டம் ஓடிவிட்டால், அந்த ஆள் அடிக்கும் ஒரே அடியில் ஆட்டம் சமமாகிவிடும்.

"என்ன மச்சான், கை அசந்துபோச்சா? முட்டை பொறுக்க அந்தக் கை போதும், கவலைப்படாத."

"உன் கோழிங்க என்னைத் தாங்காது, மாப்ள. நீ வாயை மூடிட்டு நில்லு."

"நிக்கவா வந்திருக்கேன்?" என்று நிக்காசியோ பேஸை விட்டு ஒவ்வொரு அடியாக விலகினான்.

இந்த இடத்தில்தான் அனிபலின் மூளை வேலை செய்தது. அன்று காலை சவரம் செய்யும்போது கண்ணாடியில் தன் குட்டு தனக்கே தெரிந்துவிட்டிருந்தது. வேண்டுமென்றே வலது கன்னத்தை உப்பினான். நிக்காசியோ தலைதெறிக்க ஓடினான். பந்து போனது முதல் பேஸுக்கு. பாதி வழியில் முன்னும் போகமுடியாமல் பின்னும் வரமுடியாமல் மச்சான் தவித்த தவிப்பைப் பார்த்துத் துறைமுகத்துக்காரர்களே சிரித்துவிட்டார்கள். அவுட். கோப்பை கரும்பாலைக்கு. நரைத்த மீசையோடு அனிபல் இன்னும் ஐந்து குளிர்காலம் பந்து வீசினான். அப்படியொரு நடிப்பு எந்த ஆட்டக்காரனுக்கும் வராது.

இதை நான் எழுதி வாசித்துக் காட்டியபோது, எதிரே பச்சைத் துவரை உரித்துக்கொண்டிருந்த மிலாக்ரோஸ் தலையை நிமிர்த்தவே இல்லை.

"நடிப்பாவது மண்ணாவது. அன்னிக்கு அந்த மனுசனுக்குக் கடவாப்பல் வீங்கிப்போச்சு. விடிஞ்சதுலேருந்து கன்னம் அப்படியேதான் இருந்துச்சு."