சொந்தக் காரணங்களால்

அந்தப் பெண்கள் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் எழுபத்தைந்து வருட வரலாற்றைப் புத்தகமாகப் போட முடிவெடுத்தார்கள். பிழை திருத்தச் சொல்லி அச்சுப்படிகள் லைப்ரரி அக்காவின் மேசைக்கு வந்தன. முப்பத்தொன்றாம் பக்கத்தில் அவள் பேனா நின்றுவிட்டது.

'சில மாணவிகள் சொந்தக் காரணங்களால் படிப்பைப் பாதியில் விட்டனர்.'

அந்தச் சிலரில் அவளும் ஒருத்தி. இறுதித் தேர்வுக்கு ஆறு வாரம் இருந்தபோது, கற்பித்தல் பயிற்சிக்காக மூன்றாம் வகுப்பில் பின்னம் நடத்திக்கொண்டிருந்தாள். ஐந்து மாத வயிறு. அப்போதைய முதல்வர் நேரே உள்ளே வந்து, "பிள்ளைங்க முன்னாடி இப்படி நிக்க வெக்கமா இல்ல?" என்றார். மறுநாள் பெட்டியோடு அனுப்பிவிட்டார்கள். மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும், வேறு வழியில்லாமல் அதே கல்லூரிக்குப் புத்தகம் அடுக்கும் வேலைக்கு வந்தாள். அடுத்த வருடமே, கர்ப்பமான மாணவிகளை நீக்கும் விதியை எடுத்தார்கள். "நானும் படிப்ப முடிச்சிடறேன்" என்று போய் நின்றாள். வயது தாண்டிவிட்டதாம்.

பழைய சேர்க்கைப் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு இப்போதைய முதல்வரின் அறைக்குப் போனாள்.

"நாப்பத்தெட்டுப் பேரு மேடம். எதிர எல்லாம் 'கர்ப்பம், நீக்கம்'னு எழுதியிருக்கு. இதுல எது சொந்தக் காரணம்?"

"விழா நேரத்துல இது எதுக்குக்கா? அந்தக் காலம் அப்படி."

"அந்தக் காலத்துலதான் எனக்கும் வயித்துல பிள்ள இருந்துச்சு."

முதல்வர் வரியைத் திருத்தவில்லை. அடியோடு எடுத்துவிட்டார். புத்தகத்தில் இப்போது அந்த நாற்பத்தெட்டுப் பேர் போனதும் இல்லை, வந்ததும் இல்லை.

அக்கா நாற்பத்தெட்டுப் பெயர்களையும் ஒரே தாளில் தட்டச்சு செய்து, ஐந்நூறு பிரதி எடுத்தாள். மகள் சொன்னாள், "ரிட்டயராக எட்டு மாசந்தான் இருக்கும்மா. வம்ப விலைக்கு வாங்காத."

"நீ வேணா கைகட்டி உக்காரு. நடுவுல வராத."

பிறகு மகளும் உட்கார்ந்து தாளை மடித்துக் கொடுத்தாள். விழாவில் கொடுக்கவிருந்த புத்தகங்களுக்குள் அக்கா அவற்றைச் செருகிவைத்தாள்.

விழாவன்று மேடையில் பேச்சு நடக்கும்போதே, புத்தகத்தைப் பிரித்தவர்கள் மடியில் தாள் விழுந்தது. மூன்றாவது வரிசையில் ஒரு வயதான பெண் எழுந்து, "என் தங்கச்சி பேரு இதுல இருக்கு" என்றாள். பேசிக்கொண்டிருந்தவர் தண்ணீர் குடித்தார்.

மறுநாள் அக்காவுக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. 'பதிவேட்டில் இருப்பதைத்தான் எழுதினேன்' என்று பதில் கொடுத்தாள். வேலையில் கைவைக்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை. மன்னிப்புக் கேட்கவும் வரவில்லை.

மறுபதிப்பில் பெயர்களைச் சேர்த்தார்கள், கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில். தலைப்பு: 'இடைநின்றவர்கள்'.

அக்கா நூலகத்துக்கு வந்த பன்னிரண்டு பிரதிகளையும் முன்னால் வைத்துக்கொண்டாள். தலைப்பை அழுத்தி அடித்துவிட்டு, மேலே 'நிறுத்தப்பட்டவர்கள்' என்று எழுதினாள். தாள் கிழிந்த பிரதிகளையும் அப்படியே அலமாரியில் வைத்தாள்.