சாப்பிடாத பன்னிரண்டு கிராம்

ஓரெஸ்ட் ஸவாட்ஸ்கி, மனிடோபாவின் டாஃபின் ஊரில், தானியக் கிடங்கின் எடைமேடையில் வேலை பார்க்கிறவர். கோதுமை லாரி வந்தால் முதலில் எடையைப் பார்ப்பார், பிறகுதான் டிரைவரின் முகத்தை. மகள் டாரியாவுக்கு ஐந்து வயதில் டைப் ஒன் சர்க்கரை நோய் என்று தெரிந்ததும் வீட்டுக்கும் ஒரு தராசு வாங்கினார். ஆறு வருடம் பெரோகிக் கொழுக்கட்டையை ஒவ்வொன்றாக எடை போட்டு, மாவுச்சத்தைக் கணக்கிட்டு, ஊசி போட்டார். சர்ச் விருந்துக்கும் தராசோடுதான் போவார். "வந்துட்டார்யா சுங்க அதிகாரி" என்று பெண்கள் கிண்டல் செய்வார்கள். மனிதர் காதில் வாங்கிக்கொள்ள மாட்டார்.

போன வருடம் இன்சுலின் பம்ப் வந்தது. டாரியாவின் கையில் ஒட்டிய சென்சார் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சர்க்கரை அளவைச் சொல்ல, பம்ப் தானாகவே இன்சுலினைக் கூட்டும், குறைக்கும். சாப்பாட்டில் எத்தனை கிராம் மாவுச்சத்து என்று மட்டும் சொன்னால் போதும். வேறு யாராவது என்றால் அப்பாடா என்று உட்கார்ந்திருப்பார்கள். ஓரெஸ்டுக்குக் கை சும்மா இருக்காது. சர்க்கரை கொஞ்சம் ஏறினாலும் பம்ப் நிதானமாகத்தான் இறக்கும். அந்த நிதானம் அவருக்கு ஆகவில்லை. மகள் பள்ளியிலிருந்து வந்ததும் பம்பை வாங்கி, அவள் சாப்பிடாத ரொட்டிக்குப் பன்னிரண்டு கிராம் என்று பதிந்துவிடுவார். பம்பும் நம்பி இன்சுலின் கொடுத்துவிடும். லாரி எடையில் ஒரு கிலோ கூட்டிச் சொல்லாத மனிதர், மெஷினிடம் தினமும் பொய் சொன்னார்.

மார்ச்சில், பனித்தரையில் ஆடும் ரிங்கெட் ஆட்டத்துக்கான டாரியாவின் அணி மூன்று நாள் போட்டிக்கு பிராண்டன் நகருக்குப் போவதாக இருந்தது. அவள் ஒரே பிடியாக நின்றாள். "நீ கூட வந்தா நான் போகவே மாட்டேன்பா."

அவளைத் தனியாக அனுப்பலாமா என்று கேட்க கிளினிக் போனார்கள். நர்ஸ் நோரீன், பம்பின் பதிவுகளைத் திரையில் பார்த்து நெற்றியைச் சுருக்கினாள்.

"தினமும் நாலு மணிக்குப் பன்னிரண்டு கிராமா? அப்படி என்ன சாப்பிடுறா?"

"அவ சாப்பிடல. நான்தான் சும்மா போட்டுவிடுவேன்" என்றார் ஓரெஸ்ட், பெருமையாக. "ஒருநாளாவது சர்க்கரை ரொம்பத் தாழ்ந்திருக்கா, பாருங்க!"

"அதான் எனக்குப் புரியல. சாப்பிடாமலே இவ்வளவு இன்சுலின் போனா, தாழ்ந்திருக்கணுமே."

டாரியா கோட்டுப் பையிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். உலர்ந்த திராட்சை.

"நீ போட்டதும் இதைத் தின்னுடுவேன்பா. சரியா பன்னிரண்டு கிராம் மாவுச்சத்துக்கு. உன் தராசுலதான் எடை போட்டேன்."

ஓரெஸ்ட் பொட்டலத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார். "ஏன்டி சொல்லல?"

"சொன்னா பம்பே வேணாம்னு சொல்லிடுவ. அப்புறம்... அந்த ரொட்டியப் போட்டாதான் உனக்கு நிம்மதி."

நோரீன் திரையை அணைத்தாள். "இவ தாராளமா தனியா போகலாம். நீங்க தனியா இருந்துடுவீங்களா?"

பஸ் கிளம்பிய அன்று சாயங்காலம் நாலு மணி. ஓரெஸ்ட் வீட்டுக்குப் போகாமல் எடைமேடையிலேயே இருந்தார். சென்சார் அனுப்பிய மகளின் சர்க்கரையை ஃபோன் பதினொன்று என்று காட்டியது; அந்த நாட்டு அளவில் நாலிலிருந்து பத்துக்குள் இருக்க வேண்டும். பிறகு பன்னிரண்டு. ஓரெஸ்ட் இரண்டு கைகளையும் பாக்கெட்டுக்குள் திணித்துக்கொண்டார். எடைமேடையில் நின்ற லாரி ஹார்ன் அடித்தது.

"என்னய்யா ஓரெஸ்ட், ஒரே லாரிய மூணு தடவை எடை போடுற? என்மேல நம்பிக்கை இல்லியா?" என்றார் டிரைவர்.

"என் சந்தேகம் உன்மேல இல்லப்பா."

ஐந்தேகால் மணிக்கு ஃபோன் ஏழு என்று காட்டியது. அவர் தொடாமலே இறங்கியிருந்தது. அவருக்கு நிம்மதியாக இருந்தது. கொஞ்சம் வயிற்றெரிச்சலாகவும் இருந்தது.