ஒரே ‘ஃபைன்’, இரண்டு மருமகள்கள்

ஆங்கிலப் படங்களின் அடியில் ஓடும் தமிழ் வரிகளை எழுதிக் கொடுக்கும் அலுவலகம் அது. ஒரு மாடி, நாலைந்து மேசை, ஒழுகும் ஏசி ஒன்று, அதன் கீழே ஒரு வாளி. ஜன்னலோர மேசைக்காரிக்கு ‘அகராதி’ என்று பெயர். அவளுடைய சொல்லறிவை மெச்சி முதலாளி வைத்தது. கூட வேலை பார்ப்பவர்கள் ‘அகராதி பிடித்தவள்’ என்கிற இன்னொரு அர்த்தத்தை மனதில் வைத்துக்கொண்டு கூப்பிட்டார்கள். இரண்டும் அவளுக்குப் பொருந்தின.

பல வருஷமாக அவள் கண்ணில் படாமல் ஒரு வரியும் வெளியே போனதில்லை. யார் எழுதினாலும் கடைசியாகப் பார்த்துத் திருத்தி அனுப்புகிறவள் அவள்தான். சந்தேகம் என்றால் எல்லோரும் அவள் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

அப்படிப்பட்டவள் தானாகப் போய் ஒரு காரியம் செய்தாள். கொழுந்தனுக்குக் கல்யாணமாகிப் புது ஓரகத்தி வந்திருந்தாள். படித்த பெண், வீட்டில் சும்மா இருக்கிறாளே, நமக்குக் கீழே ஒருத்தி இருந்தால் நல்லதுதானே என்று முதலாளியிடம் சொல்லி வேலை வாங்கிக் கொடுத்தாள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை.

முதல் நாள் பாடம் நன்றாகத்தான் நடந்தது.

“ஃபைன்னா என்ன, சொல்லு.”

“நல்லா இருக்கேன்னு அர்த்தம், அக்கா,” என்றாள் சின்னவள்.

“அவ்வளவுதானா? ஹெல்மெட் இல்லாம மாட்டினா கட்டுறோமே, அதுவும் ஃபைன்தான். சலிச்ச மாவு நைசா இருந்தா ஃபைன். வேலை நேர்த்தியா இருந்தா ஃபைன். இன்னும் கொஞ்சம் போடட்டுமான்னு கேக்கிறப்ப ‘ஐ ஆம் ஃபைன்’னா, போதும்னு அர்த்தம். அங்க போய் ‘நான் நலம்’னு எழுதி மானத்தை வாங்காதே. ஓகே, குட், ஆல்ரைட் எல்லாம் அதுக்கு அண்ணன் தம்பிங்க. ஆனா ஒருத்தன் இடத்துல இன்னொருத்தனை உக்கார வைக்க முடியாது.”

சின்னவள் கன்னத்தில் கைவைத்துக் கேட்டாள். அகராதிக்கு மனசு குளிர்ந்துபோயிற்று.

அந்தக் குளிர்ச்சி ஒரு புருஷன் பெண்டாட்டி சண்டைப் படம் வரும்வரை நீடித்தது. படம் முழுக்க அந்தப் பெண்டாட்டி ‘ஃபைன்’, ‘ஃபைன்’ என்றே சண்டை போட்டாள். ஒரு காட்சியில் புருஷன், நான் என் நண்பனோடு ஊர் சுற்றப் போகிறேன் என்கிறான். அவள் முதுகைக் காட்டிக்கொண்டு தட்டைக் கழுவியபடி ‘ஃபைன்’ என்கிறாள். அகராதி, ‘சரி, நல்லது’ என்று எழுதியிருந்தாள்.

முதலாளி தாடையைத் தடவினார். “அர்த்தம் சரிதாம்மா. ஆனா உப்பு சப்பில்லாம இருக்கே.”

டீ குடித்துக்கொண்டிருந்த சின்னவள் எட்டிப் பார்த்தாள். “தட்டை எப்படி டொம்முன்னு வைக்கிறா பாருங்க சார். ‘தாராளமா போ’ன்னு போட்டா?”

முதலாளி மேசையைத் தட்டினார். அடுத்த காட்சியில் மகள் வந்து, உனக்கு ஒன்றுமில்லையே என்று கேட்க, அழுத கண்ணோடு அவள் மறுபடியும் ‘ஃபைன்’ என்றாள். “எனக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கேன்,” என்றாள் சின்னவள் உடனே. மொத்த அலுவலகமும் சிரித்தது. வாளியில் சொட்டுகிற தண்ணீர்கூடச் சிரிக்கிற மாதிரி இருந்தது அகராதிக்கு.

சாயங்காலம் சாப்பிடும்போது சின்னவள் இதை வீட்டிலும் நடித்துக் காட்டினாள். மாமியாருக்குப் புரையேறியது. அதுகூடப் பரவாயில்லை. அகராதியின் சொந்தப் புருஷன், அவள் எழுதிய வரியை இத்தனை வருஷத்தில் ஒருநாளும் கேட்டறியாத மனிதர், “குத்துக்கல்லா! பிரமாதம்மா!” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அகராதி தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். சொல் தெரிந்தவள் நான், அர்த்தம் படித்தவள் நான், பேர் மட்டும் அவளுக்கா?

அதன்பின் சின்னவள் எதைச் செய்தாலும் எரிந்தது. அவள் சிரித்தால் பல்லைக் காட்டுகிறாள். சிரிக்காவிட்டால் தலைக்கனம். முதலாளி அவள் மேசைப் பக்கம் போனால் இவளுக்கு இங்கே ஒரு வரியும் ஓடாது.

சந்தர்ப்பமும் தானாக வந்தது. ஒரு கோர்ட் படம். பெற்ற மகனைக் காப்பாற்ற, செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்கிறார் ஒரு தகப்பன். நீதிபதி, அபராதம் கட்டு, இல்லாவிட்டால் ஆறு மாதம் சிறை என்பதை ‘ஃபைன், ஆர் சிக்ஸ் மந்த்ஸ்’ என்று சுருக்கிச் சொல்கிறார். அவசரத்தில் சின்னவள் எழுதியிருந்தாள்: ‘நல்லபடியா இரு. இல்லேன்னா ஆறு மாசம் ஜெயில்.’

அகராதியின் விரல் நின்றது. திருத்த ஒரு நிமிஷம்கூட ஆகாது. முதல் நாளே சொல்லிக் கொடுத்தேனே, கேட்டாளா? படட்டும் என்று நினைத்தாள். அடுத்த வரிக்குப் போனாள்.

படக் கம்பெனிக்காரர்களின் சின்னத் தியேட்டரில் போட்டுப் பார்த்தார்கள். தகப்பன் தலைகுனிந்து நிற்கிறார், வயலின் அழுகிறது, அடியில் அந்த வரி வந்தது. தியேட்டர் கொல்லென்று சிரித்தது. “நல்லபடியா இருடா!” என்று ஒருவர் தொடையில் தட்டினார். அகராதி இருட்டில் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அன்றைக்குத்தான் அவள் மனசு நிறைந்திருந்தது.

திரும்பி வந்ததும் முதலாளி இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். “எழுதினவ விளையாட்டுப் பொண்ணு, விடு. பாத்து அனுப்பினது யாரு?”

அகராதிக்குச் சுரீரென்றது. பொறாமைக்குக் கண் இல்லை என்பது சரிதான். வெட்டின குழியில் முதலில் விழப்போவது தான்தான் என்பது இத்தனை அர்த்தம் தெரிந்தவளுக்குத் தோன்றவே இல்லை.

சின்னவள் முந்திக்கொண்டாள். “சார், அக்கா மேல தப்பில்ல. நான்தான் லேட்டா குடுத்தேன். அவங்களுக்குப் பாக்கவே நேரமில்ல.”

அது பொய். முந்தின நாள் காலையிலேயே கொடுத்துவிட்டிருந்தாள். அகராதி அவளைத் திரும்பிப் பார்த்தாள். நன்றி வரவில்லை. வந்தது இன்னும் பெரிய எரிச்சல். வரியில்தான் முந்தினாள் என்றால், நல்ல மனசிலுமா முந்த வேண்டும்? அதை மட்டும் அவளால் தாங்க முடியவில்லை.

“பாத்தேன் சார். பாத்துட்டுத்தான் விட்டேன்.”

“என்னது?”

“தப்புன்னு தெரியும். வேணும்னேதான் விட்டேன்.”

சின்னவள் முகம் வெளுத்தது. “நான் உங்களை என்னக்கா பண்ணினேன்?” என்று மட்டும் கேட்டுவிட்டு வெளியே போனாள்.

கடைசியாகப் பார்த்து அனுப்பும் வேலை அகராதியின் கையைவிட்டுச் சின்னவளிடம் போயிற்று. வீட்டில் பேச்சு நின்றது. ஒரே அடுப்படியில் முழங்கை இடிக்க நின்றுகொண்டு, “அத்தை, அந்த உப்பை எடுத்துத் தரச் சொல்லுங்க,” என்பாள் சின்னவள். “நடுவுல நான் என்னடி, தபால்காரியா?” என்று மாமியார் திட்டுவார். யாரும் சிரிக்க மாட்டார்கள்.

சில வாரம் கழித்து ஒரு மத்தியானம், சின்னவள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து இவள் மேசையில் வைத்தாள். “கோபம் போகல. வரி புரியல. அன்புக்கும் பரிதாபத்துக்கும் நடுவுல ஒரு ‘ஃபைன் லைன்’ இருக்காம். ‘அழகான கோடு’ன்னு போட்டேன், அசிங்கமா இருக்கு.”

அகராதி திரையைப் பார்த்தாள். “நூலிழை. ‘நடுவுல ஒரு நூலிழைதான்’னு போடு.”

சின்னவள் வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். “‘நூலிழைகூட இல்ல’ன்னு போட்டா? படத்துல அந்தாளு ரெண்டையும் குழப்பிக்கிறான் இல்ல?”

அதுதான் சரி. அகராதிக்குப் பழையபடி எரிந்தது. “போடு,” என்றாள்.

அந்தப் படம் வெளியானபோது கடைசியில் இருவர் பெயரும் சேர்ந்து வந்தது. குடும்பமே கை தட்டியது. அகராதியும் தட்டினாள். தட்டிக்கொண்டே, இரண்டு பெயருக்கும் எழுத்து ஒரே அளவுதானா என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.