மூக்கு நிழல் பார்க்கும் கிருபாராணி

கிருபாராணி அக்கா யாரைப் பார்த்தாலும் முதலில் மூக்கின் நிழலைத்தான் பார்ப்பார். பஸ்ஸுக்கு நிற்கும்போதும் ரேஷன் கடை வரிசையிலும் அப்படித்தான். ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வரும்போதும் அப்படித்தான். எதிரே நிற்பவரின் மூக்கு நிழல் கன்னத்தில் எங்கே விழுகிறது, உதட்டைத் தொடுகிறதா என்று ஒரு கணம் பார்த்துவிட்டுத்தான் "சாப்ட்டீங்களா?" என்பார். சில சமயம் பேச்சின் நடுவே தன் உள்ளங்கையை நம் முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வெயிலை மறைப்பார், பிறகு எடுத்துவிடுவார். பள்ளி இறுதி வகுப்பில் படித்த நாளிலிருந்து இதைப் பார்த்துவருகிறேன். புதிதாகச் சந்திப்பவர்கள், ஈ ஓட்டுகிறார் என்று எண்ணி நன்றி சொல்வதும் உண்டு.

போன மாதம் வரை மூக்கண்டப்பள்ளியில் எங்கள் வீட்டு வரிசையிலேயே குடியிருந்தார். கணவர் ஐசக் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுபவர். கல்யாணத்துக்கு முன் அக்கா கிருஷ்ணகிரியில் ஒரு ஸ்டுடியோவில் வேலை பார்த்தவர். நெகட்டிவைக் கண்ணாடிப் பலகைமேல் வைத்து, ஊசிபோல் சீவிய பென்சிலால் பருவையும் சுருக்கத்தையும் அம்மைத் தழும்பையும் மறைக்கிற வேலை. அதில் கை தேர்ந்தவர் என்று பெயர் எடுத்திருந்தார். ஆனால் அந்தப் பெயர் அவருக்குப் பிடிக்கவில்லை. "தேச்சுத் தேச்சு எல்லாருக்கும் ஒரே மூஞ்சி வந்துடும் தம்பி. ஒருநாள் எங்க சித்தி போட்டாவையே தேச்சிட்டு, யாரோன்னு கவருல போட்டுட்டேன்" என்பார்.

கல்யாணத்துக்குப் பின் தையல் வேலையில் சேர்த்த பணத்தில் பழைய கேமரா ஒன்றும், பல்பு மாட்டுகிற ஃப்ளாஷ் ஒன்றும் வாங்கினார். இந்தப் பக்கத்துப் போட்டோக்காரர்கள் ஃப்ளாஷைக் கேமராவின் தலையிலேயே மாட்டி நேராக அடிப்பார்கள். முகம் வெளுத்து, காதுகளின் நிழல் பின்சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்கும். அக்கா அந்த ஃப்ளாஷைக் கேமராவிலிருந்து கழற்றித் தூர வைக்க ஆசைப்பட்டார். இரண்டையும் இணைத்த, கட்டைவிரல் நீளமே இருந்த ஒயரை ஐசக் பற்றவைத்து இரண்டு ஆள் நீளத்துக்கு நீட்டிக் கொடுத்தார். "நேரா அடிச்சா மூஞ்சி தோசைக்கல்லுல ஊத்தின மாவு. பக்கத்துல இருந்து வந்தாத்தான் மூக்கு எழுந்து நிக்கும்" என்பது அக்காவின் கட்சி.

பல்பு ஒருமுறை எரிந்தால் அவ்வளவுதான். அடுத்த படத்துக்கு அடுத்த பல்பு. அதனால் அக்கா டார்ச் விளக்கை வைத்துத்தான் பழகினார். பகலில் கதவைச் சாத்திக்கொண்டு, மேசைமேல் ஒரு சீத்தாப்பழத்தை வைத்து, டார்ச்சை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிக்கொண்டிருப்பார். அந்தப் பழத்துக்கும் கண், மூக்கு உண்டு என்பதுபோல அதனுடன் பேசுவார். ஐசக்கின் மனைவி பழத்தை வைத்து மந்திரம் போடுகிறாள் என்று டீக்கடைத் திம்மப்பன் கொஞ்ச நாள் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு அவரே போட்டோ எடுத்துக்கொள்ள வந்தார். படத்தில் ஒரு கன்னம் வெளிச்சத்திலும் மறு கன்னம் இருட்டிலும் இருக்கக் கண்டு, "அர்த மொகக்கெ அர்த துட்டுதானே அக்கா?" என்று, பாதி முகத்துக்குப் பாதிக் காசுதானே என்ற பொருளில், கன்னடத்தில் கேலி செய்தார். "இன்னொரு பாதியை உங்க வீட்டம்மா நல்லாப் பாத்தவங்க. அவங்களைக் கேளுங்க" என்றார் அக்கா.

ஃப்ளாஷைப் பிடிக்க அவர் ஆள் வைத்துக்கொண்டதில்லை. படம் எடுத்துக்கொள்பவரின் வீட்டு ஆட்களில் ஒருவரைக் கூப்பிட்டுக் கையில் கொடுத்துவிடுவார். "நீங்கதான் சூரியன். நகரக் கூடாது" என்பார். நாலு பேர் முன்னால் மனைவியை ஏறிட்டுப் பார்க்காத ஒருவர், அவளுடைய கன்னத்தையே பார்த்தபடி மூச்சடக்கி நின்றதை நான் கண்டிருக்கிறேன்.

என் பி.ஏ. பட்டம் தபாலில் வந்த வாரம் நாங்களும் படம் எடுத்துக்கொண்டோம். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போனவன் நான்தான் முதல். அம்மா முனிலட்சுமி, தொழிற்பேட்டையில் கட்டடம் எழும்பும் இடங்களில் சித்தாள் வேலை செய்பவள். அவளுக்குச் சிறுவயதில் போட்ட அம்மை முகம் முழுக்கத் தழும்பை விட்டிருந்தது. அதுவரை ஒரு படத்திலும் அவள் நின்றதில்லை. நான்தான் வற்புறுத்திப் பக்கத்தில் உட்காரவைத்தேன். அம்மாவின் படம் எனக்கு வேண்டியிருந்ததா, அல்லது பட்டதாரி தன் தாயை ஒதுக்கவில்லை என்று நாலு பேர் பார்க்க வேண்டியிருந்ததா என்பது இன்னும் எனக்குத் தெளிவாகவில்லை.

அன்று ஐசக் சூரியனாக நின்றார். படம் வந்தது. எனக்கு மூக்கு எழுந்து நின்றது. ஆளே கம்பீரமாக இருந்தேன். அதே பக்கவாட்டு வெளிச்சம் அம்மாவின் முகத்தில் ஒவ்வொரு குழியின் ஓரத்திலும் ஒரு கறுப்பு நிழலை வைத்திருந்தது. அம்மா பார்த்தாள். கோபப்படவில்லை. "நீ நல்லா விழுந்திருக்கடா. என்னை வெட்டிட்டு மாட்டு" என்றாள்.

கொண்டுவந்து கொடுத்த அக்கா அங்கேயே நின்றிருந்தார். பென்சிலை எடுத்திருந்தால் அரைமணி நேரத்தில் அத்தனை தழும்பையும் மறைத்திருப்பார். இன்னொரு தரம் எடுக்கிறேன் என்று மட்டும் கெஞ்சினார். அம்மா சம்மதிக்கவில்லை. பிறகு பல மாதங்கள், தெருவில் அக்காவைக் கண்டால் முந்தானையால் கன்னத்தை மறைத்துக்கொண்டுதான் பேசினாள். நான் படத்தை வெட்டவும் இல்லை, மாட்டவும் இல்லை.

அந்த மாதங்களில் அக்கா மறுபடியும் சீத்தாப்பழத்திடம் போனார். ஒருநாள் டார்ச் கை தவறிப் புதிதாய்ச் சுண்ணாம்பு அடித்த சுவரைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது. சுவரில் பட்டுத் திரும்பிய வெளிச்சத்தில் பழத்தின் மேடும் பள்ளமும் அப்படியே இருந்தன. பள்ளத்தில் இருந்த கறுப்பு மட்டும் கரைந்துபோயிருந்தது. அக்கா பழத்தைக் கையில் எடுத்துக்கொண்டே எங்கள் வீட்டுக்கு ஓடிவந்து அம்மாவிடம் சொன்னார். அம்மாவுக்குப் பாதி புரியவில்லை. என்றாலும் ஒருத்தி தன் முகத்தை இவ்வளவு நாள் நினைத்துக்கொண்டிருந்தாள் என்பது புரிந்திருக்க வேண்டும். "வந்து எடு. பல்பு ஒண்ணுதான். சரியா வரலேன்னா அதோட விட்டுடணும்" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தார். எங்கள் சுவரோ அடுப்புப் புகை படிந்தது; அதில் பட்டு எந்த வெளிச்சமும் திரும்பாது. வெள்ளைத் துணி வேண்டும் என்றார். நான் வேலைக்குப் போகும் முதல் நாள் கட்டிக்கொள்ள வேண்டும் என்று அம்மா காவேரிப்பட்டினத்தில் வாங்கி வைத்திருந்த வேட்டி பெட்டியில் இருந்தது. அம்மாவே அதை எடுத்து, பிரித்துக் கொடியில் போட்டாள். இந்த முறை சூரியன் நான்.

"அம்மாவைப் பாக்காதே தம்பி, வேட்டியைப் பாத்துப் பிடி" என்றார் அக்கா. பிறகு கேமராவுக்குப் பின்னாலிருந்து, இன்னும் கிட்ட, இன்னும் கிட்ட என்றார். பளிச்சென்று மின்னியதோடு படீரென்று பல்பு வெடித்தது. சூடான கண்ணாடிச் சில்லு பட்டு வேட்டி கருகத் தொடங்கியது. அக்கா பாய்ந்து வந்து விரலாலேயே நசுக்கி அணைத்தார். எட்டணாக் காசு அகலத்துக்கு ஓட்டை.

"வேட்டி போச்சு சின்னம்மா. நான்தான் கிட்டப் பிடிக்கச் சொன்னேன். புதுசு வாங்கித் தந்துடறேன்" என்றார் அக்கா.

"வேட்டி கெடக்குது. என் மூஞ்சி விழுந்துச்சா, அதைச் சொல்லு" என்றாள் அம்மா.

விழுந்திருந்தது. தழும்புகள் ஒன்றுகூடக் குறையவில்லை. முதல் தூறல் பட்டு ஆறிய மண்போல இருந்தன. அம்மா ஒரு விரலைத் தன் கன்னத்திலும் இன்னொரு விரலைக் காகிதத்திலும் வைத்து வெகுநேரம் பார்த்தாள். "நானேதான்" என்றாள். ஆணி எங்கே என்று என்னைக் கேட்டாள். எனக்கு இன்னும் நிலையான வேலை இல்லை. படித்த படிப்பால் அம்மாவுக்கு என்ன செய்தேன் என்று கேட்டுக்கொள்ளும் நாட்களில் அந்தப் படத்தைப் பார்க்கிறேன். என்னால் தர முடியாத ஒன்றை அக்கா தந்துவிட்டுப் போனார் என்ற நன்றிதான் அப்போது மிஞ்சுகிறது.

போன மாதம் ஐசக்குக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது. லாரியில் சாமான் ஏற்றிய அன்று அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். ஒரு தோளில் கேமராப் பை. கையில் ஜவுளிக்கடைப் பொட்டலம். அம்மா சணலை அவிழ்த்து, வேட்டியின் கரையைத் தடவிப் பார்த்து, நல்ல வேட்டி என்றாள்.

"பாக்கி வெச்சிட்டு ஊரை விட்டுப் போறது நல்லா இருக்காது சின்னம்மா" என்றார் அக்கா.

"நல்லா இல்லாமயே இருக்கட்டும். இதைக் குடுத்துட்டா நீ எதுக்கு இந்தப் பக்கம் வரப்போறே?"

அம்மா வேட்டியைப் பழைய மடிப்பிலேயே மடித்தாள். சணலை முன்பைவிட இறுக்கிக் கட்டினாள். அக்காவின் தோளில் தொங்கிய பையைத் திறந்து, பொட்டலத்தைக் கேமராவுக்கு அடியில் ஆழமாகத் தள்ளினாள்.