பிடித்து வைத்த சீட்டு

பஸ்ஸில் சீட்டு பிடிப்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை, எங்கள் வீட்டில் எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம். ஹைதராபாத்தின் ஓரத்தில், போலாரத்தில் குடியிருந்த நாங்கள் எங்கே போவதென்றாலும் நெரிசலில்தான் போக வேண்டும். பஸ் வந்து நின்றதும் மாமா என்னைத் தூக்கி ஜன்னல் வழியாக உள்ளே விட்டுவிடுவார். நான் ஒரு சீட்டில் உட்கார்ந்துகொண்டு, பக்கத்துச் சீட்டில் அம்மாவின் கர்ச்சீப்பைப் போடுவேன். போட்டால் போட்டதுதான். யார் வந்து எந்த மொழியில் சண்டை போட்டாலும் அசையமாட்டேன். அப்போது எனக்கு ஏழு வயது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. கம்ப்யூட்டர் வேலைக்காக ஊரே ஹைதராபாத்துக்குக் கிளம்பிய காலம் அது. அவரும் விழுப்புரத்திலிருந்து வந்து எங்களோடு தங்கி, அமீர்பேட்டில் ஜாவா படித்துக்கொண்டிருந்தார். படித்த நேரத்தைவிட ஊர் விவகாரங்களில் தலையிட்ட நேரம் அதிகம் என்பது அப்பாவின் கருத்து. அதை மாமா இல்லாதபோது மட்டும் சொல்வார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, "டெல்லி போற வண்டி ஒண்ணு வருதுக்கா. அத்தனை பேருக்கும் மதியச் சாப்பாடு நம்ம பொறுப்புன்னு சொல்லிட்டேன்" என்று வந்து நின்றார். தமிழ்நாட்டில் ஒரு கல்லூரி விடுதியில் இருந்த இரண்டு மாணவர்கள், ஒரு போராட்டத்துக்கு மறுநாள் காணாமல் போயிருந்தார்கள். ஜீப்பில் ஏற்றிப் போனதைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். ஏற்றிப் போனோம் என்று சொல்லத்தான் யாரும் இல்லை. நியாயம் கேட்டுப் பெற்றோரும் நண்பர்களும் ஒரு வேனில் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார்கள். இதெல்லாம் பிற்பாடு நான் தெரிந்துகொண்டது. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், அம்மா முணுமுணுத்துக்கொண்டே ஓர் அண்டா புளிசாதம் கிளறினாள் என்பதும், டெல்லி போகிற வண்டியை நான் பார்க்கப்போகிறேன் என்பதும்தான்.

அமீர்பேட்டில் கோச்சிங் சென்டர்கள் நிறைந்த ஒரு தெருவில் வேன் நின்றது. இரண்டு பக்கமும் இரண்டு அண்ணன்களின் பெரிய போட்டோக்கள். அந்தத் தெருவில் ஒரு பையனின் முகத்தை அவ்வளவு பெரிதாகப் போட்டிருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான், நுழைவுத் தேர்வில் ரேங்க். போகிற வருகிற மாணவர்கள் எந்த சென்டர், எத்தனையாவது ரேங்க் என்று விசாரித்தார்கள். மாமா தன்னுடைய அரைகுறைத் தெலுங்கில் தொண்டை வறள விளக்கினார். கேட்டவர்களில் பாதிப் பேர் போகவில்லை, நோட்டுகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அங்கேயே நின்றார்கள். நான் விளக்கத்துக்கெல்லாம் காத்திருக்கவில்லை. அந்த அண்ணன்கள்தான் இந்தியாவிலேயே முதல் ரேங்க், இரண்டாவது ரேங்க் என்று முடிவு செய்துவிட்டு வண்டிக்குள் ஏறினேன்.

உள்ளே இடமே இல்லை. வயதான ஒருவர் நடைபாதையில் மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார். ஆனால் டிரைவருக்குப் பின்னால் இரண்டு சீட்டுகள் காலி. ஒன்றில் மடித்த கட்டம் போட்ட சட்டை, இன்னொன்றில் ஒரு துண்டு. எனக்கு உடனே விளங்கிவிட்டது. ரேங்க் அண்ணன்கள் சீட்டு போட்டுவிட்டு டீ குடிக்க இறங்கியிருக்கிறார்கள். நம்ம வேலை வந்துவிட்டது என்று எதிரே நின்றுகொண்டேன்.

மைக்கில் பேச வந்த உள்ளூர்ப் பிரமுகர் ஒருவர், பேசி முடித்த களைப்பில் வேனுக்குள் ஏறினார். காலியாக இருப்பதைப் பார்த்துச் சட்டையை நகர்த்தக் கையை நீட்டினார்.

"நக்கோ அங்கிள்" என்றேன், வேண்டாம் என்பதற்கு ஹைதராபாத் பேச்சில். "அது பிடிச்ச சீட்டு."

யாருமில்லையே பாப்பா என்று அவர் தெலுங்கில் சிரித்தார். கீழே போயிருக்கிறார்கள், இப்போது வந்துவிடுவார்கள் என்று நானும் தெலுங்கில் சொல்லி, வேனில் எல்லோருக்கும் கேட்கட்டும் என்று தமிழிலும் சொன்னேன். வேனில் பேச்சு சட்டென்று நின்றுவிட்டது. அவர் கையை இழுத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் இறங்கிப் போனார்.

"வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருடி, கீழ எறங்கு" என்று வாசலிலிருந்து அம்மா பல்லைக் கடித்தாள். சட்டை வைத்திருந்த சீட்டுக்குப் பக்கத்தில் இருந்தவர் அந்த அண்ணனின் தாயார். கோஷம் போட்டுப் போட்டு அவர் குரல் கம்மிப் போயிருந்தது. "விடும்மா, கொழந்தைய ஒண்ணும் சொல்லாத" என்றவர், என்னைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

"வந்துடுவானா பாப்பா?"

"வராம எங்க போவாங்க? சீட்டு போட்டுட்டு யாராச்சும் வராம இருப்பாங்களா?"

"இன்னொரு தடவ சொல்லு."

"வந்துடுவாங்க" என்றேன், கண்டக்டரிடம் சொல்கிற அதே குரலில். மடியில் புளிசாதத் தட்டோடு இருந்த அவர் கண்ணில் தண்ணீர் வழிந்தது. அம்மாவின் புளிசாதத்தில் எப்போதுமே காரம் தூக்கல்தான்.

சாயங்காலம் மாமா என்னைக் கீழே இறக்கிவிட்டார். வேன் உறுமியது. நிமிர்ந்து பார்த்தால் இரண்டு சீட்டும் அப்படியே காலி. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. இவ்வளவு பாடுபட்டுக் காவல் காத்தது எதற்கு? மாமாவின் கையை உதறிவிட்டு ஓடிப்போய் டிரைவர் பக்கத்துக் கதவைத் தட்டினேன்.

"வண்டிய நிறுத்துங்க. ரெண்டு பேர் இன்னும் ஏறல."

அம்மா என் காதைப் பிடித்துத் திருகினாள். டிரைவர் என்னைப் பார்த்தார், திரும்பி அந்தத் தாயாரைப் பார்த்தார், இஞ்சினை அணைத்துவிட்டார். தாயார் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டித் தெருக்கோடியைப் பார்த்தார். மூட்டைமேல் இருந்த பெரியவர் எழுந்து நின்று பார்த்தார். வேனில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். என் பேச்சு எடுபட்டதில் எனக்குப் பரம திருப்தி.

"டீக்கடைல கூட்டமா இருக்கும்" என்று அவர்களுக்குத் தைரியம் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்துத் தாயார் தலையசைத்ததும் வேன் கிளம்பியது. யாராவது ஓடி வந்து ஏறிக்கொள்ளட்டும் என்பதுபோல் மெதுவாகத்தான் போயிற்று.

அந்த அண்ணன்கள் அந்தத் தெருவில் இறங்கவே இல்லை என்பது வேனில் இருந்த எல்லோருக்கும் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியாது. தெரிந்தும் அவர்கள் எல்லோரும் எதற்காகத் தெருக்கோடியைப் பார்த்தார்கள் என்பது எனக்குப் புரிய வெகுகாலம் ஆயிற்று.