அழித்த பின்னும் பேசிய பிளேயர்

என் கணவருக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போன பிறகு, வாரத்தில் மூன்று நாள் சுங்கைப் பட்டாணி டவுனில் டயாலிசிஸ். ஒரு தடவைக்கு நாலு மணி நேரம். இடது கையில் இரண்டு ஊசி. அந்தக் கையை அசைக்கக் கூடாது. ஊசியைக்கூட அவர் பொறுத்துக்கொண்டார். பக்கத்து நாற்காலிக்காரரைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.

அந்த ஆள் வந்து சாய்ந்ததும் கைப்பேசியை வயிற்றின் மேல் வைத்துச் சத்தமாக ஓடவிடுவார். காதில் இயர்போன் மாட்டிக்கொள்ளும் பழக்கமே கிடையாது. ஒரு காணொளி பாதி ஓடும், அதற்குள் அடுத்தது. யாரோ கத்துவார்கள், ஒரு குழந்தை தடுக்கி விழும், அதற்கு நாலு பேர் சிரிப்பார்கள். தாதி வந்து, "பாக்சிக், பெலான் சிக்கிட்" என்று மலாயில் சத்தத்தைக் குறைக்கச் சொல்வாள். பத்து நிமிடம் குறையும். பிறகு பழைய கதைதான்.

"நாலு மணி நேரமும் அந்தாளு தொப்பை மேல நடக்கிற சந்தையில நான் உட்கார்ந்திருக்கேன்," என்பார் கணவர்.

தன் கைப்பேசியில் பாட்டுக் கேட்கச் சொன்னேன். ஒற்றைக் கையால் தடவித் தடவிப் பார்த்ததில் அது நழுவி விழுந்து கண்ணாடி கீறிப்போனது. "பட்டன் வெச்ச சாமானா ஒண்ணு வாங்கிக் கொடு. கண்ணை மூடிக்கிட்டே அமுக்கணும்," என்றார். தீப்பெட்டி அளவில் ஒரு எம்பி3 பிளேயர் வாங்கினேன். காதில் மாட்டியும் கேட்கலாம். மாட்டாவிட்டால் அதற்கே ஒரு குட்டி ஒலிபெருக்கி உண்டு. அந்த ஒலிபெருக்கி என்ன செய்யப்போகிறது என்று அப்போது தெரியாது.

பாட்டை ஏற்ற வீட்டில் இருந்தது என் பழைய மடிக்கணினி. ஜொகூரில் வேலை செய்யும் என் தம்பி தீபாவளிக்கு வந்தபோது அதில் இருந்ததையெல்லாம் எடுத்துவிட்டு லினக்ஸ் என்ற வேறொரு இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்திருந்தான். "இனிமே வைரஸ் வராதுக்கா. ஸ்லோவும் ஆகாது. எல்லாம் ஃப்ரீ லா," என்றான். நான் கையுறைத் தொழிற்சாலையில் ஸ்டோர் கிளார்க். கணினிக்குப் பயந்தவள் இல்லை. பிளேயரைச் செருகினேன். திரையில் அதன் படம் வந்தது. தட்டினேன், திறக்க முடியவில்லை என்று ஒரு வரி வந்தது. பிடுங்கி மறுபடி செருகினேன். மறுபடியும் அதே வரி.

தம்பிக்குச் செய்தி அனுப்பினேன். ஆறு வரி ஆங்கிலத்தில் ஏதோ அனுப்பி, "இதை அப்படியே டைப் பண்ணுங்க," என்றான். புள்ளி, கோடு எதையும் விடாமல் தட்டினேன். கடவுச்சொல் கேட்டது, கொடுத்தேன். திரை முழுக்க எழுத்து ஓடி, கடைசியில் முடியாது என்றது. அதைப் படம் பிடித்து அனுப்பினேன். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் ஒரு பொம்மை பதிலாக வந்தது. எதற்கு அந்தக் கட்டைவிரல்? மடிக்கணினியைப் பட்டென்று மூடினேன்.

சுங்கைப் பட்டாணியில் ஒரு கணினிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் நம்மவர்தான். கழுத்தில் ருத்திராட்சம், மேசையில் பிள்ளையார். கேட்டதும் சிரித்தார்.

"லினக்ஸா? அதெல்லாம் ஹேக்கர்ங்க யூஸ் பண்றதுக்கா. நீங்க எதுக்குக் கஷ்டப்பட்டு சுசா படறீங்க? பிளேயரைக் கொடுத்துட்டுப் போங்க, நானே ஃபுல்லா அடைச்சுத் தர்றேன். யாருக்கு?"

"வீட்டுக்காரருக்கு. டயாலிசிஸ்ல உட்கார்ந்து கேட்கறதுக்கு."

மறுநாளே கொடுத்துவிட்டார். எண்ணூறு பாட்டு. நாலைந்தைக் கேட்டுப் பார்த்தேன், பக்திப் பாட்டாகவே வந்தது. நல்ல மனுஷன் என்று நினைத்தேன்.

அடுத்த தடவை நான் அரை நாள் விடுப்பு எடுத்து அவரோடு போயிருந்தேன். பாதி திறந்திருந்த கண்ணாடிக் கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே அவர் காதில் மாட்டிக் கண்ணை மூடியிருந்தார். மூன்றாவது மணி நேரத்தில் கொஞ்சம் புரண்டு உட்கார்ந்தார். காதில் மாட்டியிருந்த கம்பி பிளேயரிலிருந்து கழன்றது. ஒலிபெருக்கி பேச ஆரம்பித்தது.

ஒரு ஆண் குரல். கொழுந்தியாளைப் பற்றி ஒரு கதை. அதை இங்கே எழுதமாட்டேன். வெளியே எனக்கே ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. மலாய்க்காரர்களுக்கும் சீனர்களுக்கும் மொழி புரியாது, ஆனால் அந்தச் சிரிப்பைப் புரிந்துகொள்ள மொழி வேண்டியதில்லை. தமிழ்ப் பெண்கள் மூன்று பேர் இருந்தார்கள். ஓர் அம்மாள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். என் கணவர் பதறிப்போய் ஒற்றைக் கையால் அமுக்கியதில் சத்தம் இன்னும் கூடியது. நான் உள்ளே ஓடிப் பிடுங்கி நிறுத்தினேன்.

பக்கத்து நாற்காலிக்காரர் தன் கைப்பேசியை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கினார். "அண்ணே, நல்ல சரக்கா வெச்சிருக்கீங்களே. எனக்கும் அனுப்புங்க லா."

பாக்கார் ஆராங்கில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் காரில் வந்து சேர்ந்தோம். கேட்டைத் திறந்ததும் என் கணவர், "அதைத் தூக்கிக் குப்பையில போடு," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

நான் அடுப்படியில் நின்று ஒவ்வொன்றாகத் தட்டிக் கேட்டேன். முருகன் பாட்டு. நடுவில் ஒருவன் ஏதோ இணையப் பக்கத்தின் பெயரைச் சொல்லிக் கத்துகிறான். அம்மன் பாட்டு, மறுபடியும் அவன். அதற்கடுத்து அந்தக் கதைகளில் ஒன்று. இப்படி இருபதுக்கு மேல் இருந்தன. சோற்றில் கரப்பான் பூச்சி கிடந்தால் எந்தப் பருக்கை சுத்தம் என்று பார்ப்போமா? எனக்கு அந்தச் சாமிப் பாட்டுகளையும் கேட்கப் பிடிக்கவில்லை.

மறுநாள் கடைக்குப் போய்க் கேட்டேன். அவருக்குக் கொஞ்சமும் கூச்சமில்லை.

"ஐயோ அக்கா, ஆம்பளைக்குன்னுதானே சொன்னீங்க? ஆம்பளைங்க எல்லாருக்கும் ஒரே ஃபோல்டர்தான் போடுவேன். இதுவரைக்கும் ஒருத்தர்கூட கம்ப்ளேன் பண்ணலையே!"

"நோயாளின்னு சொன்னேனேப்பா."

"அதனாலதான்கா. சிரிச்சா உடம்புக்கு நல்லது."

அதற்கு மேல் அங்கே நிற்கப் பிடிக்கவில்லை. பிளேயரைக் கடைக்காரர் கையில் திரும்பக் கொடுக்கவும் மனம் வரவில்லை. பிளேயரிலேயே அழிக்கலாம் என்றால் ஒரு பாட்டுக்கு மூன்று தடவை பட்டனை அமுக்க வேண்டும். எண்ணூறு பாட்டு. லினக்ஸ்தான் வழி.

பிளேயர் வந்த பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த விளக்கத் தாளை அப்போதுதான் எடுத்தேன். எறும்பளவு எழுத்து. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலிலிருந்து கடைசிவரை படித்தேன். கணினியோடு பேச அந்தப் பிளேயருக்கு இரண்டு முறைகள் இருந்தன. எந்த முறை என்பதைப் பிளேயரின் அமைப்பிலேயே மாற்றலாம். மாற்றிவிட்டுச் செருகினேன். சாதாரண பென் டிரைவ் போலத் திறந்துகொண்டது. ஆறு வரியும் வேண்டாம், கடவுச்சொல்லும் வேண்டாம். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து 'டிலீட்' அடித்தேன். ஃபோல்டர் வெறுமையானது.

கணவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். "சுத்தமா அழிச்சிட்டேன். நீங்களே பாருங்க."

அவர் அமுக்கினார். அதே குரல். அதே கொழுந்தியாள்.

அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அந்தக் கதையை நானே சொன்னதுபோல இருந்தது.

தம்பியைக் கூப்பிட்டேன். அழித்தது பேசுகிறது என்றதும் வாய்விட்டுச் சிரித்தான். "சிரிக்காதடா," என்று சொல்லி, டயாலிசிஸ் நிலையத்தில் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். சிரிப்பு நின்றது. "சாரிக்கா," என்றவன், அன்றைக்குத்தான் போனை வைக்காமல் கூடவே இருந்தான்.

"கண்ட்ரோல் பட்டனையும் 'எச்' எழுத்தையும் சேர்த்து அமுக்குங்க. மறைஞ்சிருக்கிற ஃபோல்டர் தெரியும். புள்ளியில ஆரம்பிக்கிற மாதிரி ஏதாவது இருக்கா?"

இருந்தது. லினக்ஸ் நான் அழித்ததை அழிக்காமல் பிளேயருக்குள்ளேயே ஒரு குப்பைத்தொட்டி செய்து அதில் போட்டு வைத்திருந்தது. என் கண்ணுக்குத்தான் அது மறைவு. பிளேயர் அந்தக் குப்பைத்தொட்டியையும் கிளறிப் பாடிக்கொண்டிருந்தது. எண்ணூறும் அதற்குள் இருந்தன. இந்த முறை மிச்சம் வைக்காமல் அழித்தோம். அதற்குப் பிறகும் நான் மூன்று தடவை அமுக்கிப் பார்த்தேன். பாட்டு எதுவும் இல்லை என்று வந்தது.

பிளேயரையும் காதில் மாட்டும் கம்பியையும் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். துடைத்தால் போகிற அழுக்கா அது? இருந்தும் துடைத்தேன்.

"என்ன பாட்டு போடட்டுங்க?" என்று கேட்டேன்.

"பாட்டே வேணாம். யாரும் வாயைத் திறக்காத ஒண்ணாப் போடு."

பாடாங் செராயில் இருக்கும் என் நாத்தனாரிடம் கல்யாணங்களில் போடும் நாதஸ்வர சீடி ஐந்தாறு இருந்தது. வாங்கி வந்து மடிக்கணினிக்கு இறக்கி, பிளேயரில் ஏற்றினேன். முதல் தடவை அவசரப்பட்டுப் பிளேயரைப் பிடுங்கியதில் பாதி ஏறவில்லை. எடுக்கலாம் என்று கணினி சொல்லும்வரை காத்திருக்க வேண்டுமாம். இரண்டாம் தடவை காத்திருந்தேன்.

அடுத்த வாரம் அவர் அதை எடுத்துப் போக மாட்டேன் என்றார். வற்புறுத்தி அவர் சட்டைப் பையில் வைத்து, விடுப்பு எடுத்துக்கொண்டு நானும் கூடவே போனேன். முதல் ஒரு மணி நேரம் தொடவில்லை. பிறகு, கம்பி நன்றாகப் பொருந்தியிருக்கிறதா என்று இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு அமுக்கினார். பக்கத்தில் சந்தை நடந்துகொண்டுதான் இருந்தது. கடைசி மணி நேரத்தில் வாய் லேசாகத் திறந்திருக்கத் தூங்கிப்போனார்.

அவர் தூங்கும் நேரத்தில், முன்பு சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்ட அந்த அம்மாளிடம் போனேன். அது கடைக்காரர் ஏற்றிக் கொடுத்தது, எங்களுக்குத் தெரியாது என்று சொன்னேன். "பரவாயில்லம்மா," என்றார். போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டே சொன்னாரே தவிர, என் முகத்தைப் பார்க்கவில்லை.